நேர்ந்துவிட்ட இரும்பு

ரப்பர் உலர்த்துகிற புகைக்கொட்டகைக்குப் பின்னால், லாலான் புல்லுக்குள், ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களும் கிடந்தன. தோட்டத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து ரப்பர் பாலை ஏற்றிவர முன்பு ஒரு குட்டி ரயில் பாதை இருந்தது. கித்தா என்கிற அந்த ரப்பரின் விலை விழுந்து, அந்தப் பக்கத்து மரங்களில் பால் வெட்டாமல் போட்டபோது, தண்டவாளத்தைப் பிடுங்கிக் கூலாய் டவுனுக்கு அனுப்பிவிட்டார்கள். உடைந்துபோன வண்டி ஒன்று மட்டும் தங்கிவிட்டது. அதன் பலகைகள் யார் வீட்டு அடுப்புக்கோ போயின. சக்கரங்களை அடுப்பில் வைக்க முடியாதே, அவை அச்சோடு அப்படியே கிடந்தன.

தலைக்கு மேல் அதைத் தூக்கி ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. வேறொன்றுமில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுவேன், துரைக்கு வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்வேன். ஆனால் இந்த ஓர் ஆசையை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு மனிதருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஜொகூர் பாருவில் படிப்பு முடித்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணியாகச் சேர்ந்த வருஷமே எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மழைக்காலம். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தமும் என் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தமும்தான் அந்த நாட்களில் எனக்கு நினைவிருக்கின்றன. எழுந்தபோது என்னிடம் எலும்பும் கண்ணும்தான் மிச்சம். கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் அம்மா என் அக்குளில் கைகொடுத்து நடத்திக்கொண்டு போவாள். மீசை வைத்த ஆண்பிள்ளை, கழுத்துப்பட்டி போட்டு ஆபீசில் உட்காருகிறவன், அம்மாவின் தோளில் தொங்கிக்கொண்டு போகிறேன். எதிரே வருகிற பெண்கள் எனக்காக ஒதுங்கி நிற்பார்கள். அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

நடக்கத் தெம்பு வந்ததும் ஒருநாள் குளிக்கப் போனேன். தண்ணீர் வாளி தரையைவிட்டு எழும்பவில்லை. அம்மா இரண்டு கையிலும் இரண்டு வாளி ரப்பர் பால் தூக்கி மேடு ஏறுகிறவள். அவள் பெற்ற பிள்ளைக்குக் குளிக்கிற வாளி எழும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வைத்திருந்த பத்திரிகையில் பயில்வான் ஒருவன் படம் பார்த்திருந்தேன். இரும்புத் தண்டின் இரு முனையிலும் குண்டு வைத்து அதைத் தலைக்கு மேல் பிடித்திருப்பான். அப்போது எனக்கு அது வேடிக்கைப் படம். இப்போது லாலானுக்குள் கிடந்த சக்கரத்தைப் பார்த்ததும் அந்தப் படம் நினைவுக்கு வந்தது.

பெரிய கிராணியிடம் கேட்டேன். "அந்தத் துருப்பிடிச்ச சனியனா? எடுத்துக்கோ. ஆனா அதை வச்சு என்னா பண்ணப் போறே?" என்றார். தேகப்பயிற்சி என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிராணி வேலைக்குப் படிச்சிட்டு வந்து கூலி வேலை பழகுறியா? நல்லா இருக்கு போ."

முதல் சில வாரங்கள் தண்டாலும் பஸ்கியும்தான். பிறகு அச்சின் ஒரு முனையை மட்டும் தூக்கினேன். பிறகு இரண்டு முனையும் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பின. ஆபீஸ் முடிந்து, வெளிச்சம் போவதற்குள் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் என் நேரம். அதே நேரத்தில்தான் லயத்து ஜனங்கள் கிணற்றுக்கும் கடைக்கும் புகைக்கொட்டகை வழியாகப் போவார்கள். கேட்க வேண்டுமா?

"அலமாக்! கிராணியாரு ரயில தூக்கிட்டு ஓடப் பாக்குறாருடா!"

"கிராணியாரே, எங்க ஊட்டு அம்மிக்கல்லும் சும்மாத்தான் கெடக்கு. வந்து ரெண்டு தடவ தூக்கி வச்சிட்டுப் போங்களேன்."

"ஏன்லா அவரைக் கிண்டல் பண்றீங்க? ஆபீஸ் நாக்காலி வலிக்குது போல. எந்திரிச்சு நின்னு பாக்குறாரு."

இதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அப்பாதான் பெரிய கஷ்டம். தோளில் தாங்குகிற காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்து சுமந்து அவர் வலது தோளில் கழுத்தை ஒட்டிக் கொழுக்கட்டை மாதிரி ஒரு காய்ப்பு. சட்டை போட்டாலும் அந்த இடம் புடைத்துத் தெரியும். அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பக்கமாக வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஒருநாள் சாப்பிடும்போது சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் தூக்குனது பத்தாதுன்னா நீ தூக்குறே? உன் தோளு வழுவழுன்னு இருக்கணும்னுதானே உன்னைப் படிக்க வச்சேன்."

"இது சுமக்கறதுக்கு இல்லப்பா. உடம்புக்கு."

"உடம்புக்குத்தான் நானும் சுமந்தேன். உங்க எல்லாரு உடம்புக்கும்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

ஆனால் இரும்பு எழும்பிக்கொண்டிருந்தது. முட்டிவரை வந்தது, இடுப்புவரை வந்தது. ஒரு மாலையில் அது என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அந்தக் கணத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். காது அடைத்துப் போகும். புகைக்கொட்டகையின் வாசனை, கொசு, நாளைக்குத் துரை கேட்கப்போகிற கணக்கு எல்லாம் போய்விடும். காலின் கீழ் மண், கையில் இரும்பு, நடுவில் நான். என் வாழ்க்கையில் மற்றதெல்லாம் யாரோ சொல்லி நடந்தது. படிப்பு அப்பா விரும்பியது. வேலை துரை கொடுத்தது. காய்ச்சலில் உடம்பையும் அம்மாவும் தோட்டத்து மருந்துக்காரரும் பார்த்துக்கொண்டார்கள். இதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இதில் சம்பளம் இல்லை, பரீட்சை இல்லை. நேற்று எழும்பாதது இன்று எழும்பியது என்பது எனக்கும் இரும்புக்கும் மட்டும் தெரியும். இரும்பு முகத்தாட்சண்யம் பார்க்காது. கிராணி மகனா கூலி மகனா என்று கேட்காது. பலம் இருந்தால் எழும்பும், இல்லாவிட்டால் கிடக்கும்.

தலைக்கு மேல்தான் போக மாட்டேன் என்றது. நெற்றிவரை வரும், கை நடுங்கும், கீழே போடுவேன். மண்ணில் சக்கரம் விழுந்து விழுந்து இரண்டு பள்ளம் ஆகிவிட்டது.

அந்த நாட்களில் நான் செய்தவற்றையெல்லாம் இப்போது யோசித்தால் ஜனங்கள்மேல் முழுக் குற்றமும் சொல்ல முடியவில்லை. ஆபீஸ் மை கையில் வழுக்குகிறது என்று குளித்துவிட்டுத்தான் போவேன். கால் சறுக்காமலிருக்கச் செருப்பைத் தள்ளிக் கழற்றி வைப்பேன். கள்ளுக்கடைப் பக்கம் போவதில்லை. காய்ச்சலுக்குப் பிறகு கறியும் மீனும் வயிற்றில் நிற்கவில்லை, பாலும் பயறும்தான். தூக்குகிற சமயம் யார் கூப்பிட்டாலும் பேச மாட்டேன், மூச்சைப் பிடித்திருக்கிறவன் எப்படிப் பேசுவான்? சரிவு அப்படி இருந்ததால் கிழக்கே பார்த்து நிற்பேன். குளித்து, செருப்பு கழற்றி, கறி விட்டு, வாய் பேசாமல், கிழக்கே பார்த்து, தினமும் உடம்பை வருத்திக்கொள்கிற ஒருவனை எங்கள் ஜனங்கள் என்னவென்று நினைப்பார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கிறேன், அச்சு முழுக்க மஞ்சள். இரண்டு சக்கரத்திலும் குங்குமப் பொட்டு. ஒரு முனையில் எலுமிச்சம்பழம் வேறு செருகியிருக்கிறது.

வேட்டியால் துடைத்தேன். ஈர மஞ்சள் போகிறதா? பிடித்துத் தூக்கினேன். இடுப்புக்கு மேல் போனதும் கை வழுக்கி, கால் பெருவிரலுக்கு ஒரு நூல் தள்ளி விழுந்தது. நேரே வீட்டுக்குப் போனேன்.

"யாரும்மா இந்த வேலை பண்ணினது?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "நான்தான்."

"வழுக்கி என் காலு போயிருக்கும்!"

"போகாது. அவ பாத்துக்குவா."

"எவ?"

அப்போதுதான் திரும்பினாள். புகையா அழுகையா தெரியவில்லை, கண் சிவந்திருந்தது. "நீ காய்ச்சல்ல கெடந்தப்ப நம்ம கோயில் ஆத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டேன்யா. எம்புள்ளைய எழுப்பிக் குடுத்தீன்னா, அவன் உடம்பாலயே உனக்குச் செலுத்துவான்னு. என்னா செலுத்தணும்னு சொல்லல. காவடியா, பால்குடமான்னு நானே கொழம்பிக்கிட்டிருந்தேன். உங்கிட்ட சொன்னா படிச்ச புள்ள, ஏசுவேன்னு பயம். யாருகிட்டயும் சொல்லல. நீயா எந்திரிச்சே, குளிச்சே, கறி விட்டே, போயி இரும்பத் தூக்குறே. யாரு சொல்லித் தூக்குனே, சொல்லு?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான்."

"அதான்! யாரும் சொல்லாம எவனாவது இரும்பத் தூக்குவானா? அவ கேட்டு வாங்கிக்கிறா."

யாரும் சொல்லாமல் செய்தேன் என்பதுதான் எனக்கு அதில் எல்லாமே. அதையே எடுத்து அம்மா தன் சாட்சியாக வைத்துவிட்டாள்.

மறுநாளே லயம் முழுவதும் செய்தி பரவிவிட்டது. கிண்டல் நின்றது. அம்மிக்கல் என்று கேலி பேசினவரே வழியில் என்னைப் பார்த்துத் துண்டை இடுப்பில் கட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், கிண்டலையே ஏற்றுக்கொண்டிருக்கலாம். நான் நெஞ்சுக்கு ஏற்றுகிறபோது யாரோ பெண்கள் குலவை போடுவார்கள். எண்ணிக்கை தப்பும், மூச்சு கலையும். ஒருத்தி தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து, "கிராணியாரே, பால் குடிக்க மாட்டேங்குது, உங்க கையால துண்ணூறு வச்சு வுடுங்க" என்றாள். நான் மருந்துக்காரரிடம் போகச் சொன்னேன். அவள் நகரவில்லை. குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டது. கடைசியில் வைத்துவிட்டேன். அவள் மருந்துக்காரரிடமும் போனாள் என்று பிறகு கேள்விப்பட்டுத்தான் நிம்மதியானேன்.

அப்பா மாறியதுதான் என்னை மிகவும் வாட்டியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், ஒருநாள் நான் வருவதற்குள் அந்த இடத்து லாலானை மண்வெட்டியால் செதுக்கிச் சுத்தமாக வைத்திருந்தார். "கல்லு கில்லு கெடந்தா கால்ல குத்தும்" என்றார். இத்தனை மாதம் நான் ஏங்கியது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். வந்தது. ஆனால் அது எனக்கு வந்த வார்த்தை இல்லை. ஆத்தாளுக்குச் செலுத்துகிற ஒருவனுக்கு வந்த வார்த்தை.

திருவிழா நெருங்கியது. கோயில் பூசாரி, பகலில் எங்கள் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பா பாயை விரித்தார்.

"தம்பி, நல்ல செய்தி. இந்த வருசம் காப்புக் கட்டிக்கிறே. திருநா அன்னிக்கு மேளத்தோட அந்த இரும்பச் சுமந்துக்கிட்டு வந்து சன்னதியில எறக்குறே. சூலத்துக்குப் பக்கத்துல சிமிட்டி போட்டு நிறுத்திடலாம். காலத்துக்கும் நிக்கும்."

"நிறுத்திட்டா, நான் எதை வச்சுப் பயிற்சி செய்யுறது?"

பூசாரி சிரித்தார். "எதுக்குப் பயிற்சி? நேர்த்தி முடிஞ்சு போச்சுல்ல. நீ ஒன் வேலையப் பாரு, கல்யாணம் காட்சின்னு ஆகட்டும்."

"எனக்கு இது முடியிற காரியம் இல்லீங்க."

"அதென்னா முடியாத நேர்த்தி? குடுத்தா தீந்துடும் தம்பி. ஆத்தா கடன்காரி இல்ல."

வேறு இரும்பு வாங்கித் தருகிறேன், அதை நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். அவள் கேட்டது இதைத்தானே என்றார்கள். எனக்கு நேர்த்தியே கிடையாது என்று எழுந்து நின்று சொல்லப் போனேன். கதவு மறைவில் அம்மாவின் முகம் தெரிந்தது. மழைக்கால மேகம் மாதிரி இருண்டிருந்தது. செலுத்தாவிட்டால் காய்ச்சல் திரும்பும், இந்தத் தடவை ஆத்தா எழுப்பித் தர மாட்டாள். அதுதான் அம்மாவின் பயம். அந்தப் பயத்தின்மேல் நின்றுகொண்டு நான் என்ன இரும்பைத் தூக்குவது?

"சரி" என்றேன்.

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். அன்று முதல் திருநாள்வரை இரும்பைத் தொடக் கூடாது என்றார் பூசாரி. அது சாமி பொருளாகிவிட்டதாம். கைகள் சும்மா இருந்தன. ஆபீசில் உட்கார்ந்தால் தொடை துடிக்கும். பெரிய கிராணி என் மணிக்கட்டைப் பார்த்து, "மொதல்ல கூலி வேலை, இப்ப சாமியாடியா? உனக்கு எதுக்குப்பா இங்கிலீஷ்?" என்றார். நேர்த்தி இல்லை என்றால் அம்மா பொய்யாகிறாள். நேர்த்தி என்றால் நான் பொய்யாகிறேன்.

திருநாள் அன்று தப்பும் உறுமியும் முழங்க, இரும்பைப் பிடரியில் வைத்துக்கொண்டு லயத்தின் நடுவே நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். சுமப்பது கஷ்டமாக இல்லை. என் மனதில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சன்னதியில் இறக்குகிற இடத்தில் ஒரே ஒரு தடவை அதைத் தலைக்கு மேல் தூக்குவேன். நெற்றியைத் தாண்டாதது இன்று தாண்டும். அதன் பிறகு அவளே வைத்துக்கொள்ளட்டும்.

கோயில் வாசலில் இரும்பைத் தரையில் இறக்கினேன். பூசாரி எடுக்க வந்தார். கையால் தடுத்தேன். காலை அகட்டி நின்று பிடித்தேன். நெஞ்சுக்கு வந்தது. மூச்சை இழுத்தேன். நெற்றி. நடுக்கம். அந்த இடத்தில் எப்போதும் விட்டுவிடுவேன், அன்று விடவில்லை. தொண்டையிலிருந்து எனக்கே தெரியாமல் ஒரு சத்தம் வந்தது. முழங்கை நிமிரத் தொடங்கியது. நிமிர்ந்தது, நிமிர்ந்துகொண்டே இருந்தது—

"வந்துட்டா! ஆத்தா வந்துட்டா! புடிங்க, புடிங்க!"

எத்தனை கைகள்! முன்னால், பின்னால், பக்கத்தில். அச்சைப் பிடித்தார்கள், என் இடுப்பைப் பிடித்தார்கள். யாரோ மஞ்சள் தண்ணீரை முகத்தில் வீசினார்கள். எல்லாவற்றுக்கும் முதலில் வந்த கை எனக்குத் தெரியும், காய்ப்புத் தோளோடு சேர்ந்த கை, அப்பாவுடையது. "விடுங்க! விடுங்கப்பா!" என்று கத்தினேன். சாமி கத்துகிறது என்று இன்னும் அழுத்திப் பிடித்தார்கள். இரும்பு என் தலைக்கு மேல்தான் இருந்தது. ஊரே சேர்ந்து பிடித்திருந்தது. என் கையில் எவ்வளவு இருந்தது, அவர்கள் கையில் எவ்வளவு இருந்தது? எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

"என்னா அருள், பாத்தீங்களா?" என்று ஜனங்கள் பேசிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் அவள் நன்றாகத் தூங்கினாள் என்று அப்பா சொன்னார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரும்பு இப்போது சூலத்துக்குப் பக்கத்தில் சிமிட்டிக்குள் நிற்கிறது. செவ்வாய், வெள்ளிகளில் அதற்கு மஞ்சள் பூசுகிறார்கள்.

ஒரு மாதம்போல நான் ஒன்றும் செய்யவில்லை. நேர்த்தி தீர்ந்தவன் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தேன். ஆபீஸ் போனேன், வந்தேன், கறி சாப்பிடப் பார்த்தேன். என் உடம்பை யாரோ கடனுக்கு வாங்கிப் போய்த் திருப்பித் தராதது போல இருந்தது. ஒரு மாலை கால் தானாகப் புகைக்கொட்டகைக்குப் பின்னால் போனது. லாலான் திரும்ப முளைத்திருந்தது. அந்த இரண்டு பள்ளங்களிலும் மழைத் தண்ணீர் நின்றது.

இரண்டு மண்ணெண்ணெய் டின்களில் மணல் நிரப்பினேன். ரப்பர் மரக் கம்பு ஒன்றை வெட்டி இரண்டு முனையிலும் கட்டினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. நல்லது. ரப்பர் மரம் புழு அரித்து உதிர்ந்துவிடும், டின் துருப்பிடித்து ஓட்டையாகும். கோயிலில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. உதிர்ந்தால் இன்னொன்று கட்டிக்கொள்வேன்.

நெஞ்சுக்கு ஏற்றுகிறபோது அப்பா வந்து நின்றார். நான் இறக்கவில்லை. நெற்றிவரை கொண்டுபோய், அதற்கு மேல் முடியாமல் இறக்கினேன். அவர் கை இடுப்பிலேயே இருந்தது, பிடிக்க வரவில்லை.

"இது யாருக்கு?" என்றார்.

"யாருக்கும் இல்லப்பா."

அவர் டின்னைக் காலால் தள்ளிப் பார்த்தார். கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று கம்பை அசைத்துப் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"உங்கம்மா கண்ணுல படாம வச்சுக்க" என்றார். "மஞ்சளத் தூக்கிக்கிட்டு வந்துடப் போறா."

சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு மறுபடி குனிந்தேன்.